போனவன் தலையில்

சக்திகுமார் வேலையை விட்டுப் போனது புரட்டாசியில். தை பிறந்த பிறகும் அவன் அந்தக் கம்பெனியில் தப்பு செய்துகொண்டுதான் இருந்தான். கார்த்திகையில் ஒரு சீட்டின் தையலைக் கோணலாக விட்டான். மார்கழியில் இடது பக்கத்துப் பிடியை வலது பக்கம் மாட்டி அனுப்பினான். பொங்கல் லீவு முடிந்த மறுநாள் ஒரு பெட்டி திருகாணி காணாமல் போயிற்று, அதுவும் அவன்தான். ஆள் என்னவோ அந்த நாளெல்லாம் சங்கரன்கோவிலில் மாமனார் வீட்டில், மனைவி கனிஷ்காவின் பிரசவத்துக்காகப் போய் உட்கார்ந்திருந்தான்.

ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனி அது. தப்பு ஒன்று வெளியே வந்து, யார் செய்தது என்று மேலிடத்திலிருந்து கேள்வி எழுந்தால், கடைசியாக வேலையை விட்டுப் போனவன் பெயரைச் சொல்வது அங்கே வழக்கம். அவன் இருந்த காலத்துப் பழைய ஸ்டாக் சார், இப்போதுதான் கிடங்கிலிருந்து வெளியே வந்தது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போட்டதில்லை, யாரும் மீறியதும் இல்லை. இருக்கிறவன் பிழைத்தான், போனவனுக்கு விஷயமே தெரியாது, கேட்டவருக்குப் பதில் கிடைத்தது. மூன்று தரப்புக்கும் சௌகரியமான ஏற்பாட்டை எவன் மாற்றுவான்? சக்திகுமாருக்கு முன்னால் சுப்பன் என்று ஒருவன் இந்தப் பொறுப்பை வகித்தான். அவனும் குறை சொல்லி வந்ததில்லை.

சக்திகுமார் செய்த தப்புகளிலேயே பெரியதை மாசானம்தான் செய்தான்.

மாசானம் கடையத்துப் பக்கத்து ஆள். சுடுகாட்டைக் காவல் காக்கிற குலசாமியின் பெயரை வைத்துவிட்டார்கள். நாலு வருஷமாக அந்த லைனில் கான்ட்ராக்டில் நிற்கிறான். சீட் பெல்ட்டின் பூட்டை சீட்டோடு பிணைக்கிற போல்ட்டுகளை முறுக்குவது அவன் வேலை. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியதும் அதன் தலையில் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். கருவியையும் மார்க்கரையும் மாற்றி மாற்றி எடுத்தால் நேரம் போகிறதே என்று லைனில் எல்லோரும் ஒரு சுருக்குவழி வைத்திருந்தார்கள். முதலில் வரிசையாகக் கோடு போட்டுவிடுவது, பிறகு வரிசையாக முறுக்குவது. சக்திகுமார் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பிய அதே வாரம் முறுக்கும் கன் ரிப்பேராகி, எல்லோரும் கையால் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாசானம் கோடு போட்டான். யாரோ கூப்பிட்டார்கள், திரும்பினான். மறுபடி பார்த்தபோது சீட் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. ஓடிப் போய் நிறுத்தியிருக்கலாம். கோடுதான் இருக்கிறதே என்று இருந்துவிட்டான்.

சீட்டை வாங்கிய கார் கம்பெனிக்காரர்கள் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது பூட்டு கையோடு வந்தது. நல்லவேளையாக அது ரோட்டுக்கு வராத வண்டி. ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு விளக்கம் எழுதச் சொன்னார்கள். அந்தத் தொழிலில் அது ஒரு முறை. ஐந்தாவது ஏனுக்குள் உண்மை வெளியே வந்துவிடும் என்பது நம்பிக்கை. போல்ட் ஏன் லூஸ்? முறுக்கவில்லை. ஏன் முறுக்கவில்லை? கவனக்குறைவு. ஏன் கவனக்குறைவு? மனசு வேலையில் இல்லை. ஏன் இல்லை? ஊருக்குப் போகிற நினைப்பு. ஏன் ஊருக்கு? மனைவிக்குப் பிரசவம். ஆக, சங்கரன்கோவிலில் பிறக்கப் போகிற ஒரு குழந்தைதான் மூல காரணம் என்று முடிந்தது. எடுத்த நடவடிக்கை என்ன என்ற கேள்விக்கு, சம்பந்தப்பட்டவர் இப்போது பணியில் இல்லை என்று எழுதினார் சூப்பர்வைசர் பரசுராமன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. கார் கம்பெனிக்கு ரொம்பத் திருப்தி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மாசானத்துக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் சித்திரையில் பெர்மனென்ட் ஆக்கப் போகிறவர்களில் அவன் பெயரும் இருப்பதாகப் பரசுராமன் காதில் போட்டிருந்தார். பெர்மனென்ட் என்றால் அதே லைன், அதே போல்ட், இரண்டு மடங்கு சம்பளம். போனவனுக்குத்தான் ஒன்றும் தெரியாதே என்று உறுத்தலைச் சமாதானப்படுத்தி ஒரு ஓரத்தில் உட்கார வைத்தான்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிப்பேருக்குக் கொடுத்திருந்த டேபிள் ஃபேனை வாங்கப் படப்பைக்குப் போனான். கடை திறக்கவில்லை. எதிரே மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்கினவன், நனைந்த செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்றான்.

சாமியிடம் எதையாவது கேட்கிற கூட்டத்தை அவன் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறான். கொடை நாளில் மாசானசாமி முன்னால் கேட்காத ஆள் கிடையாது. இவர்கள் கேட்பதற்கு முன்னால் வேறொன்று செய்தார்கள். நினைத்ததிலும் சொன்னதிலும் செய்ததிலும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதிலும் நான் பாவி என்று எல்லோருமாகச் சேர்ந்து சொன்னார்கள். பிறகு என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார்கள். கார் சாவியைக் கையில் வைத்திருந்தவர் தட்டினார். நர்ஸ் உடுப்பில் வந்திருந்த பெண் தட்டினாள். ஒரு போலீஸ்காரர் யூனிஃபார்மோடு தட்டினார். மாசானம் அவரை இரண்டு தடவை பார்த்தான்.

யாரும் அவர்களை மிரட்டவில்லை. மெமோ கொடுக்கவில்லை. ஐந்து ஏன் கேட்கவில்லை. முந்தின ஷிஃப்ட் என்றோ, பழைய ஸ்டாக் என்றோ, அன்றைக்கு நான் லீவு என்றோ ஒருத்தரும் சொல்லவில்லை. நாலு வருஷம் ஒரு தப்புக்குக்கூடச் சொந்தக்காரன் வராத இடத்தில் நின்றவனுக்கு, முந்நூறு பேர் தாங்களாகவே முன்வந்து என்னுடையது, என்னுடையது என்று சொல்வதைக் கேட்க மயிர் கூச்செறிந்தது. ஃபேனை மறந்துவிட்டு ரூமுக்குத் திரும்பினான்.

அன்றைக்கு ஏதாவது விசேஷ நாளாக இருக்கும், அதனால்தான் சொன்னார்கள் என்று நினைத்து அடுத்த ஞாயிறும் போய்ப் பார்த்தான். அன்றைக்கும் சொன்னார்கள். ஒரே வாரத்தில் அத்தனை பேருக்கும் புதிதாகப் பாவம் சேர்ந்திருந்தது. மூன்றாவது வாரம் தன் கையும் நெஞ்சில் தட்டியதைக் கவனித்தான். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. மொத்தத்தில் நன்றாக இருந்தது.

கார்த்திகை முடிவதற்குள் ஃபாதரிடம் போய், நானும் சேரணும் சாமி என்று சொல்லிவிட்டான்.

ஃபாதர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொண்ணு யாருப்பா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. கம்பெனிகள் வந்ததிலிருந்து தெற்கத்திப் பையன்கள் எத்தனையோ பேர் ஞானஸ்நானம் கேட்டு அந்தத் திண்டாட்டமான முகத்தோடு அவர் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். ஒவ்வொருத்தனுக்குப் பின்னாலும் ஒரு பெண் இருந்தாள். சில பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். பெண் யாரும் இல்லை என்று மாசானம் சொன்னான். தைரியம் வந்த பிறகு சொல்லு, அவசரமில்லை என்று ஃபாதர் அவனை மெர்சி டீச்சரின் வகுப்பில் உட்கார வைத்தார்.

மெர்சி டீச்சர் வாரத்தில் ஆறு நாள் ஒரு மொபைல் கம்பெனி கேன்டீனில் கணக்கு பார்க்கிறவர். ஞாயிறு பூசைக்குப் பிறகு, புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பார். பெரியவர்களுக்குத் தனி வகுப்பு நடத்த, அந்த வருஷம் சேர வந்த பெரியவர்கள் அவனைத் தவிர யாரும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கால் நெஞ்சில் இடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்து மாசானம் மந்திரங்களை மனப்பாடம் செய்தான். அவன் எந்தப் பெண்ணைப் பார்க்கிறான் என்று கவனிக்கும்படி ஃபாதர் டீச்சரிடம் சொல்லி வைத்திருந்தார். பீடத்தைத்தான் பார்க்கிறான் ஃபாதர் என்று டீச்சர் ஒவ்வொரு வாரமும் வந்து சொன்னார். கெட்டிக்காரன் என்றார் ஃபாதர்.

தவக்காலம் தொடங்கியது. ஒரு தப்பும் செய்யாத ஒருவர் எல்லோருடைய பாவத்தையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டதைப் பற்றி டீச்சர் பாடம் நடத்தினார். இப்படி ஒரு காரியம் உலகத்தில் வேறெங்கேயும் நடந்ததில்லை என்று அவர் முடித்தபோது மாசானம் கையைத் தூக்கினான்.

"எங்க கம்பெனியில அப்படி ஒரு ஆளு இருக்கான் டீச்சர்."

டீச்சருக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. ஒரகடத்தில் ஒரு புண்ணியவானா என்று விவரம் கேட்டார். மாசானம் வழக்கத்தை விளக்கினான். கோணல் தையல், பிடி, திருகாணிப் பெட்டி எல்லாம் சொன்னான். போல்ட்டைச் சொல்லவில்லை.

டீச்சர் பாடப் புத்தகத்தை மூடி வைத்தார். "ஏத்துக்கிறியான்னு அந்தாளக் கேட்டீங்களா தம்பி?"

"இல்ல டீச்சர். அவன்தான் ஊருல இல்லையே."

"ஆண்டவரு சரின்னு சொல்லித்தான் ஏத்துக்கினாரு. கேக்காம பண்ணா அது சிலுவை இல்ல தம்பி. அது சும்மா தலையில கட்டி வுடறது."

பிள்ளைகள் சிரித்தார்கள். மாசானத்துக்குக் காது சுட்டது. ஓரத்தில் உட்கார வைத்திருந்த உறுத்தல் எழுந்து நடுவீட்டுக்கு வந்தது.

வந்த நேரம் பார்த்துச் சக்திகுமாரும் வந்தான். மாசியில் ஒருநாள், கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில், பாதி உடம்பாக நின்றான். கனிஷ்காவையும் கைக்குழந்தையையும் மாத்தூரில் ஒரு ரூம் எடுத்துக் கூட்டி வந்திருக்கிறான். ஆள் எடுக்கிற கான்ட்ராக்டர் ஆபீசில் கேட்டால் இடமில்லை என்கிறார்கள். வேறு கம்பெனிக்கு ஆள் அனுப்புகிறவனும் அதே கான்ட்ராக்டர்தான். கடைசியில் அங்கே இருந்த ஒரு பெண் இரக்கப்பட்டு உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

"கம்ப்யூட்டர்ல எம் பேரத் தட்டுனா செவப்பா வருதாம்ல," என்றான் சக்திகுமார். "கனிஷ்கா ஆஸ்பத்திரியில வலியில கெடந்தாள்லா, அன்னைக்கு நான் இங்கன வந்து இடத்துக்கு வலத்த மாட்டியிருக்கேன்."

மாசானம் இரண்டு டீ சொன்னான்.

"மத்ததெல்லாம் போட்டும்னுட்டாவ. அந்த போல்ட்டுதான் பெருசாம். சேஃப்டியாம். அத எவன்ல முறுக்காம விட்டது? ஒனக்குத் தெரியாம இருக்காது."

டீ வந்தது. மாசானம் ஒரு கிளாசை எடுத்து அவன் கையில் கொடுத்தான். அவன் முகத்தைப் பார்த்தான். சித்திரைக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருந்தது.

"தெரியலையேடே," என்றான்.

சக்திகுமார் நம்பினான். பரசுராமனிடம் தனக்காக ஒரு வார்த்தை பேசச் சொல்லிவிட்டுப் போனான். குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறான் என்று கேட்கக்கூட மாசானத்துக்கு நாக்கு எழவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டிச் சோறு இறங்காமல் போயிற்று. தன்னைப் பார்க்கத் தனக்கே அசிங்கமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் படப்பை கோயிலில், செய்த பாவத்தை ஃபாதரிடம் ரகசியமாகச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் நடக்கும். வரிசையில் போய் நின்றான். முறை வந்ததும் முழங்கால் போட்டு, தட்டிக்குப் பக்கத்தில் வாயை வைத்து, எப்படித் தொடங்க வேண்டும் என்று தெரியாமல், சாமி நான்தான் என்றான்.

உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்பாடா, வந்தியா. சொல்லு, பொண்ணு யாரு?"

பெண் இல்லை, போல்ட் என்றான் மாசானம். ஃபாதர் அவனை நிறுத்தினார். ஞானஸ்நானம் வாங்காதவனுக்குப் பாவசங்கீர்த்தனம் கிடையாது என்று சொல்லி, எழுந்து வெளியே வந்து, மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பக்கத்து சிமென்ட் பெஞ்சில் அவனை உட்கார வைத்துக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் தங்கள் பாவங்களோடு காத்திருந்தார்கள்.

கதையை முழுவதும் கேட்ட பிறகு ஃபாதர் அவனைத் தேற்றினார். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் தருவதாக ஏற்பாடு. தலையில் தண்ணீர் விழுந்த அந்தக் கணத்தில் அதுவரை செய்த பாவம் எல்லாம் போய்விடும், பிறந்த குழந்தை மாதிரி எழுந்து வரலாம், இதைத் தனியாக யாரிடமும் சொல்லக்கூட வேண்டியதில்லை என்றார். மாசானம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். பங்குனிக் கடைசியில் பாவம் போய்விடும். சித்திரையில் பெர்மனென்ட் வந்துவிடும். அவன் இதுவரை கேள்விப்பட்ட ஏற்பாடுகளிலேயே இதுதான் சௌகரியமாக இருந்தது. அதனாலேயே பயமாக இருந்தது.

"என் பேரு சுத்தமாயிரும் சாமி," என்றான். "அவன் பேரு செவப்பாத்தான கெடக்கும்?"

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அதுக்கு என்கிட்ட தண்ணி இல்லப்பா," என்றார்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் லைனில் எல்லோரும் வட்டமாக நின்று வலது கையை நீட்டித் தரத்துக்கான உறுதிமொழி எடுப்பார்கள். குறையுள்ள பொருளை வாங்கவும் மாட்டேன், செய்யவும் மாட்டேன், அனுப்பவும் மாட்டேன் என்று சொல்லி முடித்ததும், பரசுராமன் வழக்கம் போல வேறு எதுனா கீதா என்று கேட்டார். அவருடைய பதினான்கு வருஷ சர்வீசில் அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொன்னதில்லை. அவர் அடுத்த வேலைக்குத் திரும்பியே விட்டார்.

"இருக்கு சார்," என்றான் மாசானம். "அந்த சீட் பெல்ட் போல்ட்ட முறுக்காம விட்டது நான். கோடு போட்டேன், முறுக்கல. தெரிஞ்சுதான் விட்டேன். சக்திகுமாருக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது."

சொல்லும்போது கை தானாகப் போய் நெஞ்சில் மூன்று தடவை தட்டியது.  வட்டத்தில் ஒருவன் நீட்டிய கையை மடக்க மறந்து நின்றான்.

"அது குளோஸ் ஆயிடிச்சேப்பா," என்றார் பரசுராமன்.

"என் தப்பு சார்."

"தப்புன்னு இப்ப எதுவும் இல்ல. அது குளோஸ் ஆயிடிச்சி."

அவனைத் தள்ளிக்கொண்டு போய்த் தனியாக விசாரித்தார். வூட்டில் ஏதாவது பிரச்சினையா, வேறு கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்களா, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்கிறாயே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். மனுஷர் கெட்டவரில்லை. அவனைப் பெர்மனென்ட் ஆக்க மேலே நாலு பேரிடம் பேசியிருந்தார். இதை இங்கேயே விட்டுவிடலாம், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்றார். மாசானம் விடவில்லை. வேறு வழியில்லாமல் ஏன், ஏன் என்று ஆரம்பித்தார். ஐந்துக்கும் நான்தான் என்றே பதில் வந்தது. அப்படிப் பதில் வந்தால் அந்த முறையை வைத்துக்கொண்டு மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்று சாயங்காலமே சக்திகுமாரை டீக்கடைக்கு வரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னான். சக்திகுமார் கோபப்படுவான், ஒரு அடி வைப்பான், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போயிருந்தான். அவன் அடிக்கவில்லை. டீ ஆறி ஆடை கட்டும் வரைக்கும் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போல்ட்ட எவன் வேணும்னாலும் விடுவான்ல," என்றான் கடைசியில். "நானும் விட்டிருப்பேன். இதே எடத்துல நின்னு ஒன்னக் கேட்டேன்லா. எம் மூஞ்சியப் பாத்துத் தெரியலன்னு சொன்னியே, அது எப்படில ஒனக்கு வந்துது?"

 என் தப்பு என்று மாசானம் மறுபடியும் சொல்லிப் பார்த்தான். காலையில் லைனில் கணீரென்று வந்த வார்த்தை இங்கே கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சக்திகுமார் டீக்குத் தன் பங்குக் காசைப் பலகையில் வைத்துவிட்டுப் போனான்.

கம்பெனி முறைப்படி நடந்துகொண்டது. கார் கம்பெனிக்குப் போன அறிக்கையைத் திறக்க முடியாது, அதில் சக்திகுமார்தான் இருப்பான். ஆனால் மாசானத்தின் கான்ட்ராக்ட் பங்குனி முதல் வாரத்தோடு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. போல்ட் முறுக்க அனுபவமுள்ள ஆள் ஒருவன் உடனே வேண்டியிருந்தது. வேலை தேடி நிற்கிறவர்களில் அனுபவமுள்ளவன் சக்திகுமார் ஒருவன்தான். கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் பரசுராமன் ஒரு ஃபோன் போட்டார், சிவப்பு போய்விட்டது. கடைசி நாள் மாசானம் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கேட்டைத் தாண்டிய அரை மணி நேரத்துக்குள், கிழிந்த சீட் கவர் ஒன்று அவன் பெயரில் சேர்ந்தது. சுப்பன், சக்திகுமார், மாசானம் என்று வரிசை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அவன் வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கிடங்கில் பெட்டி இறக்கப் போனான். ஊரில் அம்மாவிடம், பெர்மனென்ட் தள்ளிப் போயிருக்கிறது என்று மட்டும் ஃபோனில் சொன்னான். அது பொய்யா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மறுபடி கூப்பிட்டு வேலை போய்விட்டது என்று சொன்னான். சுடுகாட்டுச் சாமியைக் கும்பிடாமல் போனதால் வந்த வினை என்று அம்மா அழுதாள்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறு அன்று பூசை முடிந்ததும் ஃபாதர் அவனைக் கூப்பிட்டார். சனிக்கிழமை ராத்திரிப் பூசையில் ஞானஸ்நானம். எல்லாம் தயார். மெர்சி டீச்சர் வெள்ளைச் சட்டை வாங்கி வைத்துவிட்டார். ஞானத்தகப்பனாக நிற்க அந்தப் போலீஸ்காரர் சம்மதித்துவிட்டார். பெயர்கூடத் தோமா என்று முடிவாகியிருந்தது.

மாசானம் குருத்தோலையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். இப்போது வேண்டாம் சாமி என்றான்.

ஃபாதருக்குப் புரியவில்லை. வீட்டில் மிரட்டுகிறார்களா என்று கேட்டார். இல்லை. நம்பிக்கை போய்விட்டதா? இல்லை. முன்னைவிட அதிகமாக இருக்கிறது, ராத்திரி படுத்தால் அந்தத் தண்ணீர் நினைப்பாகவே இருக்கிறது என்றான்.

"அப்புறம் இன்னாப்பா?"

"சக்திகுமார் இன்னும் எங்கூடப் பேசல சாமி."

ஃபாதர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நீ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாய், வேலையை இழந்திருக்கிறாய், இதற்கு மேல் என்ன இருக்கிறது, கடவுள் உன்னை எப்போதோ மன்னித்துவிட்டார் என்றார்.

"கடவுள் மன்னிச்சிருவாரு சாமி. அது எனக்குத் தெரியும்," என்றான் மாசானம். "அவரு சக்திகுமார் கெடையாதுல்லா. தண்ணிய ஊத்திட்டீங்கன்னா இது அழிஞ்சு போயிரும். அவனுக்கு ஆறுறதுக்கு முன்னால எனக்கு ஆறிரும். அது அவன மறுபடி ஏமாத்துனது மாதிரி."

"அவன் கடைசி வரைக்கும் மன்னிக்கலைன்னா?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை.  இருந்து பார்க்கிறேன் சாமி என்றான்.

ஃபாதருக்குக் கோபம் வந்துவிட்டது. ஞானஸ்நானம் ஷேர் ஆட்டோ இல்லை, நினைத்த இடத்தில் ஏறி இறங்குவதற்கு, இப்போது விட்டால் அடுத்த ஈஸ்டர்தான் என்றார். சரி சாமி என்றான். அவன் போன பிறகு ஃபாதர் வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். பெண் என்று யாரும் இல்லை என்பதை அன்றைக்குத்தான் நம்பினார்.

ஈஸ்டர் போயிற்று. வெள்ளைச் சட்டை டீச்சர் வீட்டு பீரோவில் இருந்தது. மாசானம் ஞாயிறு தவறாமல் வந்து கடைசி வரிசையில் நின்றான், நெஞ்சில் தட்டினான். எல்லோரும் நன்மை வாங்கப் போகும்போது வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அந்த வெள்ளை அப்பம் அவனைத் தாண்டித் தாண்டிப் போகும்போது பசித்தவனுக்கு முன்னால் பந்தி நடக்கிற மாதிரி இருந்தது. அந்த ஏக்கம் நாளாக ஆகக் குறையும் என்று எதிர்பார்த்தான். கூடியது.

கிடங்கில் வேலை முடிந்ததும், முடிகிற நாளெல்லாம், பழைய கம்பெனி கேட்டுக்கு எதிரே வந்து நிற்பான். ஷிஃப்ட் விட்டுச் சக்திகுமார் வெளியே வருவான், இவனைப் பார்ப்பான், பார்க்காத மாதிரி கம்பெனி பஸ்ஸில் ஏறுவான். மாசானம் கூப்பிடுவதில்லை, கிட்டே போவதில்லை. பஸ் போனதும் ரூமுக்குப் போய்விடுவான். அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாக லைனில் பேசிக்கொண்டார்கள். அக்கினி நட்சத்திரம் வந்தது. வெயிலில் நின்று அவன் முகம் கறுத்துப் போயிற்று.

ஒருநாள் சக்திகுமார் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினான். டிரைவர் இன்னும் வண்டியை எடுக்கவில்லை.

"ஏல, இங்கன வா."

மாசானம் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தான். சக்திகுமார் அவனைப் பார்க்காமல் முன் சீட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நீ இப்படி வந்து நிக்கதுனாலல்லாம் எனக்குச் சரியாவாது. ஒன் மூஞ்சியப் பாத்தா இன்னும் பத்திக்கிட்டுத்தான் வருது. கேட்டியா?"

"கேட்டேன்."

"அது அடங்குறப்ப நானே சொல்லுதேன். அதுவரைக்கும் வெயில்ல நின்னு சாவாத. போ."

பஸ் கிளம்பியது. சக்திகுமார் கண்ணாடியைச் சாத்திக்கொண்டான். புழுதி அடங்கும் வரைக்கும் மாசானம் நடு ரோட்டை விட்டு நகரவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் அவன் பரம்பரையையே திட்டினான். அவனுக்கு ஒன்றும் காதில் விழவில்லை.  அடங்காது என்று சக்திகுமார் சொல்லவில்லை.